இறகுத் தூண்டில் கட்டப் பழகுதல்
(கண்டக்குழிப் பகுதிக் கமக்காரர்க்கு)

கற்பிட்டிக் குடாநாட்டின் கிழக்கே புத்தளம் களப்பும் மேற்கே பெருங்கடலும் உள்ளன. அம்மேற்குக் கரையிலே அமைந்த கண்டக்குழியில் தோட்டத்துக்கும் கடலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. மணற்றரையிலே கிணற்று நீரிறைத்து வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் செய்வோர் பலர், மாலையில் நீர்பாய்ச்சி முடித்தபின் கைத்தூண்டிலுடன் கரைக்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். சிலர் உறவினரின் தோணியிலே ஏறிப் பார்ப்பக்கம் செல்வர். கறிக்கு வேண்டிய மீன் அன்றன்று வீட்டுக்கு வந்தால், தோட்டத்து வருவாயிலிருந்து மீனுக்கென எடுத்துவைக்கும் பணம் அவ்வளவும் மிஞ்சும்.

ஆனால் கடைத் தூண்டிலோ மலிவன்று. அந்நிய நாட்டிலிருந்து வரும் போலி இரைகள் கண்ணாடிப் பெட்டியிலே பார்வைக்கு அழகாயிருக்கும். அவற்றை வாங்கிக் கடலில் இட்டால் முதல் நாளிலேயே இரண்டு மூன்று பாரிற் சிக்கி அறுந்துபோதல் இயல்பு. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலையேற்றம் ஆண்டுக்கு 94.9 சதவீதத்தை எட்டியதையும், உரூபாவின் மதிப்பு வீழ்ந்ததனால் இறக்குமதிப் பொருள்கள் எட்டாக்கனி ஆனதையும் எவரும் மறந்திரார். அக்காலத்தில் ஒரு மீனுக்காக மூன்று மீனின் விலையைக் கடலில் எறிந்துவிட்டு வருவதாகப் பலர் முறையிட்டனர். அம்முறையீட்டுக்கு விடை, தூண்டிலை நாமே கட்டிக்கொள்வதாகும். அதற்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை கோழிக்கூட்டிலும் ஆட்டுப்பட்டியிலும் கிடக்கின்றன. விவசாயப் போதனாசிரியர் தூண்டிலைப்பற்றி எழுதுவதேன் என்று வினவுவார்க்கு இதுவே எமது சமாதானம்.

ஆங்கிலத்தில் ‘ஜிக்’ எனப்படும் இத்தூண்டிலை நாம் இங்கு இறகுத் தூண்டில் என்றே வழங்குவோம். தூண்டிலின் தலைப்பக்கத்தில் சிறு பாரமும், அதன்பின் இறகோ மயிரோ கொண்ட வாலும் கட்டப்பட்டிருக்கும். உயிருள்ள இரை வேண்டுவதில்லை. கயிற்றைச் சுண்டி உயர்த்தும்போது மயிர் உடலோடு ஒடுங்கும். தளர்த்தும்போது பாரம் தலைகீழாக இறங்க, மயிர் விரிந்து அசையும். அடிபட்ட சிறுமீன் ஒன்று மேலெழ முயன்று மீண்டும் தாழ்வது போன்ற இத்தோற்றத்தைக் கண்டே பெருமீன் பாய்கின்றது. ஆகவே இதன் சிறப்பு நிறத்திலும் பளபளப்பிலும் இல்லை, அசைவிலேயே உள்ளது. கடைப்பொருளின் அழகைக் கண்டு மயங்குவோர் இதனை மனத்திற்கொள்வாராக. அவ்வழகு பெரும்பாலும் வாங்குபவரைப் பிடிப்பதற்கே உதவுகின்றது.

இம்முறை புதிதன்று. பசிபிக்குத் தீவினர் முத்துச்சிப்பி ஓட்டைச் செதுக்கி, அதன் வாற்புறத்தில் பன்றிமயிரோ இறகோ கட்டிச் சூரை பிடித்து வந்தனர். நம் சமையலுக்கு மாசிக்கருவாடு அனுப்பும் மாலைதீவினர் இன்றும் சூரையை வலையால் வளைக்காது, எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகவே தோணிக்குள் எறிகின்றனர். எதிர்முள் இன்மையால் மீன் தானே கழன்று விழ, மறுகணமே தூண்டில் நீருக்குட் செல்கின்றது.

வேண்டிய பொருள்கள்

முதலிற் பழகுபவர் ஒரே அளவான தூண்டிலையும் ஒரே மாதிரியையும் பற்றிக்கொள்ள வேண்டும். பல மாதிரிகளை ஒருங்கே முயல்பவர் எதனையும் செவ்வையாகக் கட்டார். கரையிலிருந்தும் சிறு தோணியிலிருந்தும் பிடிப்பதற்கு 1/0 அல்லது 2/0 அளவுள்ள, நீண்ட தண்டுடைய தூண்டில் ஏற்றது. தூண்டிலின் எண்கள் புதியவரை மயக்கக்கூடியவை. வெறும் எண்ணாக 2, 4, 6, 8 என ஏறுந்தோறும் தூண்டில் சிறிதாகும். 1/0, 2/0, 3/0 என்று கோடும் சுழியும் சேர்ந்து ஏறுந்தோறும் பெரிதாகும். கடல்நீருக்கு வெள்ளீயப் பூச்சுள்ள தூண்டிலையே கேட்டு வாங்குக. கறுத்த சாதாரணத் தூண்டில் விரைவிலே துருப்பிடித்து நூலையும் அரிக்கும்.

வாலுக்கு ஆட்டுமயிர் நன்று. அதிலும் வெள்ளாட்டின் வால்மயிர் மிக நன்று. மாட்டின் வாற்குஞ்சம் முரடானதெனினும் நீடித்து உழைக்கும். கோழியிலாயின் சேவலின் கழுத்திறகும் இடுப்பிறகும் நீண்டு ஒடுங்கியிருத்தலால் அவற்றையே எடுக்க வேண்டும். சிறகிலுள்ள பெரிய இறகு விறைப்பானது, நீரில் அசையாது, கயிற்றை முறுக்கிவிடும். கறிக்காக அறுத்த சேவலின் கழுத்துத்தோலை இறகோடு உரித்து, உப்பும் சாம்பலும் தடவி, காற்றோட்டமான நிழலில் உலர்த்தி வைத்தால் ஒரு தோலிலிருந்து பல தூண்டில்களுக்கு இறகு கிடைக்கும். உதிரியாக எடுத்த மயிரையும் இறகையும் சவர்க்கார நீரிற் கழுவி, நெய்ப்பசை போக்கி, நிழலில் உலர்த்துக.

நிறம் ஊட்டுதல் வேண்டுமா எனப் பலர் கேட்பதுண்டு. வெள்ளை மயிரே தொடக்கத்துக்குப் போதும். மஞ்சள் நிறம் விரும்புவோர் மஞ்சள்தூள் கரைத்த கொதிநீரிலே தோய்க்கலாம். ஆயினும் அது வெயிலில் வெளிறிப்போகும்; சவர்க்காரம் பட்டாற் செந்நிறமாக மாறும். ஆதலின் சவர்க்காரத்தாற் கழுவி நன்கு அலசிய பின்னரே மஞ்சளில் இடுதல் வேண்டும்.

நூல், தையற்கடையில் விற்கும் பொலியெஸ்தர் நூலாக இருத்தல் நன்று. பருத்திநூல் உப்புநீரில் இற்றுப்போகும். நூலைத் தேன்மெழுகின் மேலோ மெழுகுதிரியின் மேலோ ஒருமுறை இழுத்துக்கொண்டால் சுற்றுகள் வழுக்கா. முடிவிற் பூசுவதற்கு நிறமற்ற நகப்பூச்சுப் போதுமானது. தூண்டிலைப் பிடித்து நிறுத்த மேசைக்கருவி வாங்கத் தேவையில்லை. சாதாரணக் குறட்டின் கைப்பிடிகளைச் சைக்கிள் ரியூப் பட்டியால் இறுகச் சுற்றிவிட்டால், அதன் வாய் தூண்டிலின் வளைவைக் கவ்வி நிற்கும். அக்குறட்டைப் பலகையொன்றிலே கட்டிக்கொள்க.

ஈயம்பற்றி ஓர் எச்சரிக்கை

பாரத்துக்குப் பழைய மோட்டார் பற்றரியை உடைத்து ஈயம் எடுத்து, வீட்டடுப்பிலே உருக்கி, மணலச்சில் வார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இதனை எவரும் செய்தலாகாது. பற்றரியின் அமிலம் கையையும் கண்ணையும் சுடும். அதன் தூளும் புகையும் வீட்டில் தங்கும். உருகிய ஈயத்திலே ஒரு துளி நீர் விழுந்தாலும் அது ஆவியாகி வெடித்து ஈயத்தை முகத்தில் அறையும். இவற்றினும் கொடியது குழந்தைகளுக்கு நேரும் கேடு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. தீங்கற்ற அளவென்று ஒன்றும் அதற்கில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சோறு வேகும் அடுப்பிலே ஈயம் உருக்குவது, மிச்சம்பிடித்த தூண்டிற் காசைப் பிள்ளையிடமிருந்து வாங்குவதாகும்.

உருக்காமலே பாரம் கட்டும் வழி உண்டு. வீச்சுவலையின் விளிம்பிற் கோக்கும் சிறிய நீளுருண்டை ஈயங்கள் மீன்பிடிப்பொருட் கடைகளில் நிறையாக விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றை அப்படியே தண்டோடு சேர்த்துக் கட்டலாம். பத்து உருண்டைகளை ஒருங்கே கடைத்தராசில் நிறுத்துப் பத்தால் வகுத்தால் ஒன்றின் நிறை தெரியும். களப்புக்கு 5 முதல் 10 கிராமும், கடலுக்கு ஆழமும் நீரோட்டமும் நோக்கி 20 கிராமும் அதற்கு மேலும் வேண்டப்படும். தூண்டிற்காரர் சிலர் ஈயத்தைப் பல்லாற் கடித்து நெரிப்பர். அவ்வழக்கத்தை விடுக, குறட்டால் நெரிக்க. வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடுக. சிதறிய துணுக்குகளைப் பொறுக்கி எடுக்காவிடின், முற்றத்துக் கோழியும் தாராவும் கல்லென்று எண்ணி விழுங்கி மடியும். ஆற்று அன்னங்கள் இவ்வாறு மடிந்தமையாலேயே பிரித்தானியாவில் 1987ஆம் ஆண்டு முதல் சிறு ஈயக்குண்டுகளைத் தூண்டிலுக்கு விற்பது தடைசெய்யப்பட்டது.

ஈயத்தை அறவே விலக்க விரும்புவோர் இரும்பு நட்டையோ பித்தளை நட்டையோ கட்டலாம். இரும்பு ஈயத்தினும் நிறை குறைந்ததாதலின் அதே பாரத்துக்குச் சற்றுப் பெரியதாக இருக்கும், துருவும் பிடிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நாம் அதனையே பரிந்துரைப்போம்.

கட்டும் முறை

தூண்டிலின் வளைவைக் குறட்டிற் கவ்வவிட்டு, தண்டு கிடையாகவும் முனை கீழாகவும் இருக்கும்படி நிறுத்துக. காது உமது வலக்கைப்பக்கம் இருக்கட்டும். காதிலிருந்து நெல்மணியொன்றின் நீள இடைவெளி விட்டு நூலைத் தண்டின்மேல் வைத்து, நூலின் நுனியின் மீதே எட்டுப்பத்துச் சுற்றுகள் சுற்றினால் அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பின்னர் ஒன்றையொன்று தொடும் சுற்றுகளாகத் தண்டின் முக்காற்பங்கு தூரம் வரை சென்று திரும்புக. வெறும் உலோகத்தின்மேற் கட்டிய எதுவும் நாளடைவிற் சுழன்றுபோகும். இந்நூற்படுக்கையே பிடிப்பைத் தருவது. புதியவர் பலர் இதனை வீண்வேலை எனத் தவிர்த்துவிடுகின்றனர். அவர்களது வால் முதல் மீனோடே போய்விடும்.

அடுத்துப் பாரம். அதனைக் காதுக்குப் பின்னே, தண்டின் மேற்புறத்தில், அதாவது முனைக்கு எதிர்ப்புறத்தில் வைக்க வேண்டும். இவ்விடத்தைக் கவனிக்க. பாரம் தண்டின் முதுகில் இருப்பதனால் நீரில் முதுகு கீழாகத் திரும்பும். முனை மேல்நோக்கி நிற்கும். முனை மேல்நோக்கி நிற்கும் தூண்டில் பாரிலும் பாசியிலும் சிக்குதல் மிகக் குறைவு. கண்டக்குழிக் கடலிலே தூண்டில் இழப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அடிப்பாரே ஆதலின், இவ்வொரு செயலே அரைவாசி இழப்பைத் தடுத்துவிடும் என்பது எமது கணிப்பு. ஈயத்தைக் குறுக்கும் மறுக்குமாக, பெருக்கற்குறி போல, பத்துப் பன்னிரண்டு முறை சுற்றி, பின் ஈயத்துக்கும் தண்டுக்கும் இடையே நூலை வட்டமாகச் செலுத்தி இறுக்குக. விரலால் அசைத்துப் பார்க்கும்போது அசையலாகாது. ஒரு துளி நகப்பூச்சை இப்போதே விட்டுவிடலாம்.

இனி வால். தீக்குச்சி ஒன்றின் பருமனுக்கு மேற்படாத மயிரை அடிப்புறத்தில் வெட்டி எடுக்க. அடியிலே பஞ்சுபோற் கிடக்கும் குறுமயிரைப் பழைய சீப்பால் வாரி நீக்குக. அது நீக்கப்படாவிடின் கட்டு தடிக்கும், மயிரும் அசையாது. நுனிகளை ஒழுங்குபடுத்தித் தண்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை நீளம் வைத்து, அடிமயிரைச் சாய்வாக நறுக்குக. அதனை ஈயத்தின் பின்னே வைத்து இடக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தண்டோடு சேர்த்துப் பிடிக்க. முதல் இரண்டு சுற்றையும் தளர்வாக இட்டு, மூன்றாவது சுற்றில் நூலை நேர்மேலே இழுத்து இறுக்குக. முதற்சுற்றையே இறுக்கினால் மயிர் முழுவதும் மறுபக்கத்துக்கு உருண்டுவிடும்.

சின்ன வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடும் கைகளுக்கு இது அந்நியமன்று. தாளை அறுக்காமலும் பிடி நழுவாமலும் எவ்வளவு இறுக்கவேண்டும் என்று அக்கைகள் முன்னரே அறிந்துள்ளன. எமது அனுபவத்தில் வெங்காயம் கட்டும் பெண்கள் ஒரு பிற்பகலில் இதனைப் பழகிக்கொள்ள, ஆண்கள் நூலை நாலைந்து தரம் அறுத்த பின்னரே பழகுகின்றனர்.

இவ்வாறு மூன்று சிறு கற்றைகளை, இரு பக்கத்துக்கு ஒவ்வொன்றும் முனைப்பக்கத்துக்கு ஒன்றுமாகக் கட்டுக. ஒரே பெருங்கற்றையாகக் கட்டினால் நடுவிலுள்ள மயிர் நூலின் பிடிக்குள் வராது உருவிக்கொள்ளும். இறகாயின் இரண்டு கழுத்திறகுகளை முதுகும் முதுகும் சேர, வளைவு வெளிப்புறம் நோக்க வைத்துக் கட்டினால் அவை தவளையின் கால்போல் விரிந்து விரிந்து அசையும்.

நூலை முடிப்பதிலேயே புதியவர் இடர்ப்படுவர். எளிய வழி இதுவாகும்: வேறொரு நூற்றுண்டை இரண்டாக மடித்து, அதன் வளையம் காதுப்பக்கம் நீண்டிருக்கத் தண்டின்மேற் படியவைக்க. அதன் மீது காதை நோக்கி ஆறேழு சுற்றுகள் சுற்றுக. சுற்றிய நூலை அறுத்து அதன் நுனியை வளையத்தினுள்ளே நுழைத்து, மடித்த நூலின் இரு முனைகளையும் பின்னே இழுத்தால், நுனி சுற்றுகளின் அடியாக வந்து பூட்டிக்கொள்ளும். கயிற்றின் தலைப்புப் பிரியாதிருக்கக் கட்டும் முறையும் இதுவே. மிஞ்சிய நுனியை ஒட்ட நறுக்கி, நகப்பூச்சை இருமுறை, முதற்பூச்சு உலர்ந்த பின் அடுத்ததாகப் பூசுக. காதின் துளையைப் பூச்சு அடைத்துவிட்டால் உலருமுன்னே ஊசியாற் குத்தித் திறந்துவிடுக.

முதலில் ஆறு தூண்டில் கட்டுக. முதலிரண்டும் பார்வைக்கு அவலட்சணமாகவே இருக்கும். மீன் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொன்றின் முனையையும் மரக்குற்றியில் ஊன்றி வாலைப் பிடித்து இழுத்துப் பார்க்க. மயிர் வருமாயின் அதனைப் பிரித்து, தூண்டிலையும் பாரத்தையும் காப்பாற்றி, மீண்டும் கட்டுக. பின் ஒரு முழக் கயிற்றிலே கட்டித் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு உயர்த்தித் தாழ்த்தினால் முனை மேல்நோக்கித் திரும்புகிறதா, மயிர் விரிகிறதா என்பன கண்ணுக்குப் புலனாகும். மயிர் குடைபோற் பரந்து நின்றால் அது மிகுதியாகிவிட்டது. சிறிது கத்தரித்து எடுக்க. கூட்டுவதினும் குறைப்பதே பெரும்பாலும் வேண்டியிருக்கும்.

கடலில்

தங்கூசியைக் காதிற் கோத்து, தன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் காதருகேயுள்ள கண்ணியில் நுழைத்து, எச்சிலால் நனைத்த பின்னரே இறுக்க வேண்டும். உலர்ந்தவாறு இறுக்கினால் உராய்வின் சூட்டினால் தங்கூசி வலுவிழக்கும். சீலாவும் அறக்குளாவும் பல்லால் அறுப்பவை; அவை திரியுமிடத்தில் ஒரு சாண் நீள உருக்குக் கம்பியை இடையே கட்டுக. பாரைக்குக் கம்பி வேண்டுவதில்லை.

விடியற்புறமும் மாலைமயங்கும் வேளையும் ஏற்றவை. தூண்டிலை அடிவரை விட்டு, அடியைத் தொட்டதும் ஒரு முழம் சுண்டி உயர்த்தி, மீண்டும் இறங்கவிடுக. மீன் கவ்வுவது பெரும்பாலும் இறங்கும்போதே ஆகையால், அந்நேரத்தில் தங்கூசியை அறவே தளரவிடலாகாது. தூண்டிலோடு கூடவே கை தாழ வேண்டும்.

கார்த்திகை முதல் பங்குனி வரை இக்கரையிற் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று வீசுங்காலத்தில் அநுபவமுள்ள கடற்றொழிலாளரே தோணியைக் கரையேற்றி வைப்பர். தோட்டக்காரர் அவர்களினும் துணிவு காட்டவேண்டியதில்லை; அம்மாதங்களிற் களப்புக்குச் செல்லலாம்.

இன்னொன்று. கண்டக்குழிக்கு வடக்கே விரிந்து கிடக்கும் பவளப்பார் 1992ஆம் ஆண்டிற் கடற்சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1998இலே கடல்நீர் வெப்பமேறியதனால் அங்குள்ள பவளம் பேரளவில் வெளிறி மடிந்தது. எங்கு பிடிக்கலாம், எங்கு ஆகாது என்பதைத் தோணி ஏறுமுன் கடற்றொழிற் பரிசோதகரிடமும் வனசீவராசிகள் உத்தியோகத்தரிடமும் கேட்டறிக. நங்கூரத்தை மணலிலேயே இடுக, பவளத்தின்மேல் இடலாகாது. அறுந்த தங்கூசித் துண்டு எதனையும் நீரில் எறியாதீர். அது பல்லாண்டு உக்காது கிடந்து ஆமையின் காலையும் கடற்பறவையின் இறகையும் சுற்றும்.

வீடு திரும்பியதும் தூண்டில்களைக் கிணற்று நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வேப்பிலையிட்ட தகரப்பேணியில் மூடி வைக்க. ஈரத்தோடு மூடினால் துருவும் பூஞ்சணமும் பற்றும். நகப்பூச்சு வெடித்திருக்கக் கண்டால் மறுபடி பூசுக. முனை மழுங்கியிருந்தால் சிறு அரத்தால் உட்புறமிருந்து நுனியை நோக்கித் தீட்டுக. பேணியைப் பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வைக்க மறவாதீர்.